செம்பனைக் கொட்டையும் உயிரியல் தத்துவமும்

எங்கள் ஊருக்குப் பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா. பழைய ஆட்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். பக்கத்தில் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. பெயரில் தென்னை இருந்தாலும் அந்தத் தோட்டம் வரலாற்றில் இடம்பிடித்தது செம்பனையால். 1917-இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரத் துரை மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அங்கேதான் போட்டார். அதனால், உயிரியல் தத்துவம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் கிரேக்கத்திலிருந்து ஆரம்பிப்பதில்லை. இரண்டு செம்பனைப் பழங்களை எடுத்துப் பாராங்கத்தியால் பிளந்து காட்டுவேன்.

எஸ்பிஎம் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு வீட்டு முன்கூடத்தில் டியூஷன் எடுக்கிறேன். ஐந்தாம் படிவத்தில் மரபுவழிப் பாடம் வரும் வாரம் மேசை முழுக்க எண்ணெய்ப் பிசுக்காகிவிடும். முதல் பழத்தைப் பிளந்தால் உள்ளே கெட்டியான ஓடு, சுற்றிலும் கொஞ்சம் சதை. இதற்கு டூரா என்று பெயர். இரண்டாவதில் ஓடு மெல்லியது, சதை அதிகம். இது தெனெரா. எண்ணெய் சதையில் இருப்பதால் தெனெராதான் தோட்டத்துக்கு லாபம். டூராவைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு எண்ணெய் கூடுதல். மூன்றாவதாகப் பிசிஃபெரா என்று ஒன்று உண்டு. அதற்கு ஓடே கிடையாது. ஆனால் பெரும்பாலும் காய் பிடிக்காது, அதனால் மகரந்தத்துக்காக மட்டும் விதை நிலையங்களில் வளர்ப்பார்கள். வெட்டிக் காட்ட எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

டூராவையும் பிசிஃபெராவையும் சேர்த்தால் பிறக்கும் பிள்ளைகள் அத்தனையும் தெனெரா. தெனெராவோடு தெனெராவைச் சேர்த்தால் நான்கில் ஒன்று டூரா, இரண்டு தெனெரா, ஒன்று பிசிஃபெரா. இதை 1941-இல் பெல்ஜியக் காங்கோவில் பைர்னார்ட், வாண்டர்வையன் என்ற இருவர் எழுதி வைத்தார்கள். பட்டாணியை வைத்து மெண்டல் 1866-இல் சொன்ன அதே கணக்கு; பட்டாணிக்குப் பதில் பனை. நம் நாட்டுத் தோட்டங்கள் 1960-களில் டூராவை விட்டுத் தெனெராவுக்கு மாறியதற்கு இந்தக் கணக்குத்தான் அடிப்படை.

அப்புறம் 2013-இல் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆய்வாளர்கள் ஓர் அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து, இந்த வித்தியாசத்துக்குக் காரணமான மரபணுவையே கண்டுபிடித்தார்கள். அதற்கு ஷெல் என்று பெயர், அதாவது ஓடு. முன்பெல்லாம் கன்றை நட்டு, அது மரமாகிக் காய்த்து, பழத்தை வெட்டிப் பார்த்தால்தான் எந்த வகை என்று தெரியும். இப்போது நர்சரியில் இருக்கும் கன்றின் இலைத் துணுக்கே போதும்.

இதைச் சொல்லி முடித்ததும் போன வருடம் ஒரு மாணவி கேட்டாள்: "அப்ப அந்த ஜீன்தான் ஓட்டைச் செய்யுது. சரிதானே சார்?"

பாடப்புத்தகப்படி சரி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்த 'செய்யுது' என்ற சொல்லில்தான் உயிரியல் தத்துவம் ஆரம்பிக்கிறது.

உயிரியல் படிப்பவர் எந்த மரபணு, எந்தக் குரோமோசோம், எந்தப் புரதம் என்று தேடுவார். உயிரியல் தத்துவம் படிப்பவர் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "மரபணு என்று எதைச் சொல்கிறீர்கள்? அது 'காரணம்' என்றால் எந்த அர்த்தத்தில் காரணம்? 'ஓட்டுக்கான மரபணு' என்கிறீர்களே, அந்த 'ஆன' எங்கிருந்து வந்தது?" என்று நச்சரிப்பார். வேலையற்ற வேலை மாதிரித் தோன்றும். ஆனால் எங்கள் வீட்டிலேயே இந்தக் கேள்வி எப்படிக் கைக்கு உதவியது என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ஓடு. பனங்கொட்டையின் ஓடு கெட்டியாக இருப்பது லிக்னின் என்ற பொருளால். அந்த லிக்னினைத் தயாரிக்கும் வேலையில் எத்தனையோ மரபணுக்கள் உண்டு. ஷெல் மரபணு அந்த வரிசையில் நின்று கல் சுமப்பதில்லை. மற்ற மரபணுக்களை எப்போது, எங்கே இயக்க வேண்டும் என்று சொல்லும் ஒரு புரதத்தைத்தான் அது தருகிறது. டூராவில் அதன் இரண்டு பிரதிகளும் நன்றாக இருக்கின்றன. பிசிஃபெராவில் இரண்டும் பழுது. தெனெராவில் ஒன்று நல்லது, ஒன்று பழுது.

பழைய தோட்ட வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டை எழுதாவிட்டால் சம்பளம் வராது. கிராணி வந்தால் சம்பளம், வராவிட்டால் இல்லை. இதைப் பார்த்துவிட்டு, சம்பளப் பணத்தைத் தயாரிப்பவரே கிராணிதான் என்று ஒருவர் சொன்னால் தொழிலாளர் லயமே சிரிக்கும். ரப்பர் பால் வெட்டியவர் உண்டு, ஆலை உண்டு, விற்பனை உண்டு, துரையின் கையெழுத்து உண்டு. எல்லாம் சரியாக நடக்கும்போது, சம்பளம் வருவதற்கும் வராததற்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை மட்டும் கிராணி தீர்மானிக்கிறார்.

ஷெல் மரபணுவும் அப்படித்தான். இந்தப் பழத்துக்கும் அந்தப் பழத்துக்கும் ஓட்டில் ஏன் வித்தியாசம் என்று கேட்டால் அது சரியான பதில். ஓடு எதனால் உருவாகிறது என்று கேட்டால் அது பதிலின் ஒரு துண்டு, அவ்வளவுதான். ஒரு பொருளை உருவாக்கும் காரணம் வேறு, இரண்டு பொருள்களுக்கிடையே வித்தியாசத்தை உருவாக்கும் காரணம் வேறு. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வேன் என்று சொல்பவர்கள் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

குழப்பத்தில் நம் மொழிக்கும் பங்கு உண்டு. 'மரபணு' என்கிறோம். மரபு, அணு. சொல்லும்போதே உள்ளுக்குள் ஒரு குட்டி உருண்டை உட்கார்ந்திருப்பது போல மனம் படம் போட்டுக்கொள்கிறது. மூக்குக்கு ஓர் உருண்டை, கோபத்துக்கு ஓர் உருண்டை. 1909-இல் 'ஜீன்' என்ற சொல்லை உருவாக்கிய டென்மார்க்கின் வில்ஹெல்ம் யோஹான்சன் இதற்குப் பயந்துதான் எந்தக் கற்பனையும் ஒட்டாத ஒரு சிறு சொல்லைத் தேர்ந்தெடுத்தார். அது எதனால் ஆனது, உருண்டையா சதுரமா என்று எதையும் அந்தச் சொல் சொல்லக்கூடாது என்பது அவர் விருப்பம். நாம் அதைத் தமிழாக்கும்போது ஓர் அணுவைச் செருகிவிட்டோம். நல்ல சொல்தான், மாற்றச் சொல்லவில்லை. ஆனால் ஜாக்கிரதையாகப் பயன்படுத்த வேண்டிய சொல்.

யோஹான்சனுக்கு மரபணு என்பது கணக்குப் பார்க்க உதவும் ஒரு குறியீடு. 1953-இல் டிஎன்ஏவின் முறுக்கேணி வடிவம் தெரிந்த பிறகு அது ஒரு வேதிப்பொருளின் துண்டானது. அப்படியானால் மெண்டலின் கணக்கு முழுவதையும் மூலக்கூறு மொழியில் திருப்பி எழுதிவிடலாமா? பழையது புதியதில் கரைந்துவிட்டதா? 1960-களிலிருந்து உயிரியல் தத்துவக்காரர்கள் சண்டை போட்ட பெரிய கேள்வி இது. கென்னத் ஷாஃப்னர், கொஞ்சம் திருத்தங்களோடு கரைத்துவிடலாம் என்றார். டேவிட் ஹல், அவ்வளவு சுலபமில்லை என்றார். 1984-இல் பிலிப் கிட்சர் சொன்ன வாதம்தான் எனக்குப் பிடித்தது.

அதைக் கோலிக்குண்டில் சொல்கிறேன். இரண்டு பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புக் கோலி, ஒரு வெள்ளைக் கோலி. ஒவ்வொரு பையிலிருந்தும் கண்ணை மூடி ஒன்று எடுத்து ஜோடி சேருங்கள். பலமுறை செய்தால் நான்கில் ஒரு பங்கு கறுப்பு ஜோடி, பாதி கலப்பு ஜோடி, மீதி வெள்ளை ஜோடி. இந்த 1:2:1 எங்கிருந்து வந்தது? ஜோடியாக இருந்தவை பிரிந்து, ஆளுக்கு ஒன்றாகப் போனதிலிருந்து. கோலி கண்ணாடியா களிமண்ணா என்று ஆராய்ந்தால் இந்தக் கணக்குக்கு ஒரு துளி வெளிச்சமும் கூடாது. அதுபோல, பனையில் 1:2:1 வருவதற்குக் காரணம் குரோமோசோம்கள் ஜோடி பிரிந்து மகரந்தத்துக்கும் சூலுக்கும் போவது. அந்த விளக்கம் உயிரணுவின் மட்டத்திலேயே முழுமையாக இருக்கிறது. மூலக்கூறு வரை இறங்கினால் விவரம் கூடும், விளக்கம் கூடாது.

ஆனால் கிட்சரோடு முழுதாகப் போகவும் எனக்கு மனமில்லை. ஒரு பிரதி பழுதானால் ஏன் ஓடு மெலிகிறது, முழுதாகக் காணாமல் போகவில்லை? இதற்குக் குரோமோசோம் பதில் சொல்லாது. ஷெல் வகைப் புரதங்கள் ஒன்றோடொன்று ஜோடி சேர்ந்துதான் வேலை செய்யும். கூட்டத்தில் பாதி பழுதானால் வேலை அரைகுறையாகும் என்பது போன்ற மூலக்கூறு விளக்கம் இங்கே வேண்டும். எந்த மட்டத்தில் பதில் தேடுவது என்பது கேள்வியைப் பொறுத்தது. லெனி மாஸ் என்ற தத்துவக்காரர் இதனால்தான் 'மரபணு' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் நடமாடுகின்றன என்றார். கணக்குப் போட உதவும் மரபணு ஒன்று. வளர்ச்சிக்குப் பயன்படும் டிஎன்ஏ துண்டு இன்னொன்று. முதலாவதைப் பேசும்போது "இது இருந்தால் அது வரும்" என்று சொல்லலாம். இரண்டாவதைப் பேசும்போது அப்படிச் சொல்ல முடியாது, ஏனென்றால் அந்தத் துண்டு எதைத் தரும் என்பது சூழ்ந்திருப்பவற்றைப் பொறுத்தது. முதலாவதற்குச் சான்று தேடிவிட்டு இரண்டாவதைப் பற்றி முடிவு சொல்வதுதான் பத்திரிகைகளில் வரும் "குண்டாவதற்கான மரபணு கண்டுபிடிப்பு" வகைச் செய்திகளின் குறுக்குவழி.

சூழ்நிலை என்று சொன்னதும் சிலர், "சரி, பாதி மரபணு, பாதி சூழ்நிலை" என்று சமாதானம் பேசுவார்கள். அதுவும் சரியில்லை. தோட்டத்தில் ஒருவர் அரிவாளால் குலை வெட்டுகிறார், இன்னொருவர் அதைத் தள்ளுவண்டியில் ஏற்றிச் சாலைக்குக் கொண்டுபோகிறார். மாலையில் இரண்டு டன் சேர்ந்தது. இதில் வெட்டியவர் பங்கு எத்தனை கிலோ, தள்ளியவர் பங்கு எத்தனை கிலோ? கேள்வியே தப்பு. ஒருவர் இல்லாமல் இன்னொருவர் வேலை பூஜ்யம். ஆனால் வெட்டுபவரை மாற்றிப் பார்த்தால் எடை எவ்வளவு மாறுகிறது என்று அளக்கலாம். 1974-இல் மரபியலாளர் ரிச்சர்ட் லெவோன்டின் எழுதியதன் சாரம் இதுதான்: ஒரு கூட்டத்துக்குள் இருக்கும் வேறுபாட்டைப் பங்கு போடலாம், ஒரு தனி உயிரின் குணத்தைப் பங்கு போட முடியாது. உயரம் 80 விழுக்காடு மரபுவழி என்று எங்காவது படித்தால், உங்கள் உயரத்தில் நாலடி மரபணு, ஓரடி சாப்பாடு என்று அர்த்தமில்லை.

அந்த வேறுபாட்டுக் கணக்கும் இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறும். 1981-இல் நடந்ததைப் பாருங்கள். செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. அங்கே அதற்கு மகரந்தம் சுமக்க ஒரு சின்ன வண்டு உண்டு. மரம் இங்கே வந்தபோது வண்டு வரவில்லை. எங்கள் பெரியம்மா தலைமுறைப் பெண்கள் பல தோட்டங்களில் ஆண் பூவின் தூளைக் கையால் ஊதி மகரந்தம் சேர்த்திருக்கிறார்கள். 1981-இல் கேமரூனிலிருந்து அந்த வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அதே மரம், அதே மரபணு, ஆனால் குலையில் பழம் பிடிப்பது கூடியது. கையால் ஊதும் வேலை போனது. ஊதும் ஆட்கள் நிறைந்த தோட்டத்தையும் ஆள் இல்லாத தோட்டத்தையும் முன்பு ஒப்பிட்டிருந்தால் விளைச்சல் வித்தியாசத்துக்கு ஆட்களே காரணம் என்று கணக்கு சொல்லியிருக்கும். வண்டு எல்லா இடத்திலும் பரவிய பிறகு, மிஞ்சும் வித்தியாசத்தில் மரபணுவின் பங்கு பெரிதாகத் தெரியும். மரபணு வலுவடைந்துவிட்டதா என்ன? மற்ற வித்தியாசம் மறைந்தது, அவ்வளவுதான்.

இனி எனக்கு மிகவும் பிடித்த கதை. ஒரு நல்ல மரம் கிடைத்தால் அதை அப்படியே நகல் எடுக்க ஆசை வரும். ரப்பரில் ஒட்டுக் கட்டினார்கள். செம்பனையில் ஒட்டு எடுபடாது, கிளையும் கிடையாது. அதனால் திசு வளர்ப்பு. மரத்திலிருந்து ஒரு துண்டு திசுவை எடுத்து, கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்து, ஆயிரக்கணக்கான கன்றுகளாக்கினார்கள். எல்லாக் கன்றுக்கும் தாய் மரத்தின் டிஎன்ஏதான். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று நிம்மதியாக நட்டார்கள்.

மரங்கள் காய்த்தபோதுதான் தெரிந்தது. சிலவற்றில் பூவின் ஆண் உறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் சூலகம் போன்ற சதை வளர்ந்து, பழத்தைச் சுற்றி மேலங்கி போட்டது போல மூடிக்கொண்டது. பல குலைகள் பழமாகாமலே வீணாயின. ஒரே தாயின் நகல்கள், ஒரே டிஎன்ஏ எழுத்து. சிலது நன்றாகக் காய்க்கிறது, சிலது இப்படி. நூல் ஒன்றுதான், சேலை மட்டும் வேறு.

காரணம் 2015-இல் வெளிவந்தது, இதுவும் மலேசிய ஆய்வாளர்கள் முன்னின்ற வேலை. பூவின் உறுப்புகளை அமைக்கும் ஒரு மரபணுவுக்குள், புரதமாகாத பகுதியில், இடம்விட்டு இடம் தாவக்கூடிய ஒரு டிஎன்ஏ துண்டு பழைய காலத்திலிருந்தே குடியிருக்கிறது. சாதாரண மரத்தில் அதன்மேல் மெத்தில் என்ற வேதிக்குறிகள் அடர்த்தியாக ஒட்டி அதை அடக்கி வைத்திருக்கின்றன. திசு வளர்ப்பின்போது சில கன்றுகளில் இந்தக் குறிகள் உதிர்ந்துவிடுகின்றன. எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. எழுத்தின்மேல் இருந்த அடையாளம் போனது, படிப்பு மாறியது, பூ கெட்டது.

அந்தத் தாவும் துண்டின் பெயர் என்ன தெரியுமா? கர்மா. நெல்லில் இதே வகைத் துண்டுக்கு முன்பே வைத்த பெயர். குறி அடர்ந்திருந்தால் 'நல்ல கர்மா', உதிர்ந்திருந்தால் 'கெட்ட கர்மா' என்றே அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நான் கதை விடுகிறேன் என்றுதான் நினைப்பார்கள்.

ஆனால் நம் ஊர்ப் பேச்சில் கர்மா என்றால் மாற்ற முடியாத தலையெழுத்து. இந்தக் கர்மாவோ பாத்திரத்துக்குள் இருக்கும்போது உதிர்ந்த ஒன்று. நட்டுப் பல வருடம் காத்திருக்காமல், கன்றாக இருக்கும்போதே சோதித்து ஒதுக்கிவிடலாம் என்பதுதான் அந்தக் கண்டுபிடிப்பின் பயன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதைக் கேட்டுவிட்டு, "மரபணு காலம் முடிந்தது, எல்லாம் மனசும் சூழலும்தான்" என்று யூடியூபில் பேசுபவர்கள் இருக்கிறார்கள். கெட்டது என்ன? பூவை அமைக்கும் ஒரு மரபணுவைப் படிக்கும் விதம். மரபணு இல்லாமல் இந்தக் கதையே இல்லை. நூல் இல்லாமல் சேலை உண்டா? தறியும் வேண்டும் என்பதுதான் பேச்சு.

இப்போது எங்கள் வீட்டு விஷயம். தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்த என் மாமாவுக்கு இனிப்பு நீர். மலேசிய இந்தியர்களிடையே நீரிழிவு மற்ற இனத்தாரைவிட அதிகம் என்று தேசியச் சுகாதார ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாமா அதை இப்படிச் சுருக்குவார்: "நம்ம ஜீன்லயே இருக்குடா. என்னா செய்ய முடியும்?" சொல்லிக்கொண்டே தே தாரிக் தேநீரில் இன்னொரு கரண்டி பால்.

அவருக்கு நான் ஃபீனைல்கீட்டோனூரியா கதையைச் சொன்னேன். பெயர்தான் வாயில் நுழையாது, விஷயம் எளிது. 1934-இல் நார்வேயின் அஸ்பியோர்ன் ஃபோலிங் கண்டறிந்த மரபுவழி நோய். ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுது. அதனால் உணவில் இருக்கும் ஃபீனைல்அலனின் என்ற பொருளை உடல் சமாளிக்க முடியாமல் அது தேங்கிக் குழந்தையின் மூளையைக் கெடுக்கும். முழுக்க முழுக்க மரபணு நோய். ஆனால் பிறந்த உடனே கண்டுபிடித்து அந்தப் பொருள் குறைந்த உணவைக் கொடுத்தால் பிள்ளை ஏறக்குறைய மற்றவர்கள் மாதிரியே வளரும். மரபணு மாறவில்லை, தட்டில் இருப்பது மாறியது. ஒரே ஒரு மரபணு கெட்ட நோயிலேயே இப்படியென்றால், பல மரபணுக்களும் சோறும் உழைப்பும் தூக்கமும் சேர்ந்து வரும் இனிப்பு நீரில் "ஜீன்லயே இருக்கு" என்பது எதைச் சொல்கிறது? எங்கள் குடும்பத்துக்கும் இன்னொரு குடும்பத்துக்கும் இடையிலான வித்தியாசத்தில் மரபணுவுக்குப் பங்கு இருக்கலாம். மாமாவின் கரண்டியைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

மாமா பொறுமையாகக் கேட்டார். "அப்ப அந்தப் பிள்ளைக்கு வாழ்க்கை பூரா பத்தியமா?" என்றார். ஆமாம் என்றேன். "பாவம்லா," என்று சொல்லிவிட்டு கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். குடித்து முடித்துவிட்டிருந்தார்.

அந்த மாணவிக்கும் இந்தக் கதைகளில் பாதியைச் சொன்னேன். கடைசியில் அவள் பேனாவை மூடாமலே கேட்டாள்: "சார், அப்ப பரீட்சையில என்ன எழுதறது?"

"1:2:1," என்றேன். "கோலிக்குண்டு கணக்கு எங்கேயும் போகல. ஆனா 'ஜீன் ஓட்டைச் செய்யுது'ன்னு மட்டும் எழுதாத."